தெல்தெனியவிலிருந்து வந்த டிஸ்க்

வெள்ளிக்கிழமை. காலை பதினொன்று இருபது.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை. அதில் ஒரு சப்பாத்துக் கடை. கடையின் பக்கவாட்டில் மரப்படி. பிரேமிளா அந்தப் படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். கையில் ஒரு சிலிசிலிப் பொலித்தீன் பை, பைக்குள் ஒரு துவாய், துவாய்க்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்.

மேலே ரிஸ்மியின் கம்ப்யூட்டர் திருத்தும் கடை. நாற்பது வயது மனிதர் உதட்டில் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டு யாருடைய மெஷினுக்கோ மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

"ரிஸ்மி நானா, மூணு மணிக்குள்ள இதுக்கு உசிரு வரணும்."

ரிஸ்மி திருகாணிகளை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டார். "எந்த மூணு மணி?"

"இன்னைக்கு."

"இன்னைக்கு வெள்ளிக்கிழம தங்கச்சி. பன்னெண்டுக்குக் கடைய சாத்திட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருவேன். இதெல்லாம் அவசரத்துல செய்யேலாது. ஞாயித்துக்கிழம வாங்க."

"ஞாயித்துக்கிழமன்னா இத நான் இங்க கொண்டாந்திருக்கவே மாட்டேன். படியிலருந்தே கீழ வீசிட்டுப் போயிருப்பேன்."

அவர் இப்போதுதான் அவளைப் பார்த்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் வியர்வை. வெள்ளைச் சட்டைப் பையில் ஏதோ முதியோர் இல்லத்தின் பெயர்.

"யாரு அனுப்பினது?"

"தெல்தெனியவுல நபீல் நானா. கொமியூனிகேஷன் வச்சிருக்காருல்ல, போட்டோகொப்பி எல்லாம் எடுப்பாரே. புதன்கிழம இடி விழுந்து அவரு கம்ப்யூட்டர் கருகிப் போச்சு. டிஸ்க்க மட்டும் கழட்டி என்கிட்ட குடுத்து, ரிஸ்மிகிட்ட ஓடுன்னாரு."

"நபீல் நானாவா! அந்த மெஷினுக்கு விண்டோஸ் போட்டுக் குடுத்தது நான்தான்." ரிஸ்மி துவாயைப் பிரித்தார். "என்ன ஈக்குது இதுக்குள்ள?"

"என் வேல."

*

கண்டியில் மஹய்யாவ என்ற இடத்தில் வீடு. தெல்தெனியவில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் வேலை. ஒன்பது வருடங்களாகக் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் பிரேமிளாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதே வேலைக்கு ஜப்பானில் ஆள் எடுத்தார்கள். வயது எல்லை முப்பத்தைந்து. இரண்டு தடவை விண்ணப்பித்துக் கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை தேர்வில் பாஸ். பெப்ரவரி வந்தால் முப்பத்தாறு. நான்காம் தடவை என்று ஒன்று கிடையாது.

தேர்வானவர்களுக்குத் திங்கட்கிழமை மெயில் போயிருக்கிறது. அதிலுள்ள இணைப்பைத் தொட்டு 'வருகிறேன்' என்று உறுதி சொல்ல வேண்டும். வெள்ளி பிற்பகல் மூன்று மணி கடைசி. சொல்லாவிட்டால் காத்திருக்கும் பட்டியலில் அடுத்த பெயர். இது பிரேமிளாவுக்குத் தெரிய வந்தது நேற்று மாலை. கூட விண்ணப்பித்த ஜெயராணி, "நீ போட்டுட்டதானே?" என்று கேட்டபோதுதான்.

மெயில் போனது நபீலின் கடை முகவரிக்கு. அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். யாருக்கும் சொந்த மெயில் கிடையாது. விண்ணப்பம், பரீட்சை, கடவுச்சீட்டு, எதுவானாலும் நபீல் தன் கடை மெயிலையே போட்டுவிடுவார். பதில் வந்தால் ஆளுக்குச் சொல்லி அனுப்புவார். ஊரே ஒரு தபால் பெட்டியில் குடியிருந்தது.

இந்தத் தடவை பதில் வந்த வாரத்தில் பெட்டி கருகிவிட்டது.

"போன்ல மெயில தொறக்கேலாதா?" என்றார் ரிஸ்மி.

"பாஸ்வேர்ட் கேட்டேன். 'அது கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது'ன்னாரு."

"மாத்தப் பாத்தா?"

"பழைய நம்பருக்குப் போகுதாம். அந்த சிம் தொலைஞ்சு ஏழு வருஷமாம்."

"கொழும்புல, ஆள் எடுக்கிற ஆபீஸ்ல கேட்டீங்களா?"

"காலையிலருந்து மூணு தடவ கேட்டுட்டேன். பதிஞ்ச முகவரிய மாத்த முடியாதாம். மெயில்ல வந்த இணைப்பத் தவிர வேற வழி இல்லையாம். போன எடுத்த புள்ள நல்லா மரியாதையாத்தான் சொல்லிச்சு. வயித்தெரிச்சலா இருந்துச்சு."

ரிஸ்மி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்று முப்பத்திரண்டு.

"சும்மா ஃபைல் எடுக்கிறதுன்னா அஞ்சு நிமிஷம். இது அப்படி இல்ல. பாஸ்வேர்ட் எல்லாம் அந்த விண்டோஸுக்குள்ள பூட்டி ஈக்குது. டிஸ்க்க வேற மெஷின்ல போட்டு, அந்த மெஷின இந்த டிஸ்க்ல இருந்தே எழுப்பணும். முழிச்சா, தெல்தெனியக் கடையில ஈக்கிறதா நெனச்சு எழும்பும். எழும்பினாத்தான்."

"எழும்பாட்டி?"

"மொதல்ல பாப்போமே."

*

ரிஸ்மியின் மேசைக் கம்ப்யூட்டரில் யாரோ ஒருவரின் டிஸ்கிலிருந்து கல்யாணப் படங்கள் பிரதியாகிக்கொண்டிருந்தன. அதை நிறுத்த முடியாது. ஓரத்தில், திருத்தி முடித்து, ஆள் வந்து எடுத்துப் போகக் காத்திருந்த ஒரு மெஷினை இழுத்தார். சற்றுமுன் போட்ட மூடியையே மறுபடி கழற்றினார். அதன் சொந்த டிஸ்க் உள்ளேயே இருந்தது. தெல்தெனிய டிஸ்கை இரண்டாவதாகப் பக்கத்தில் செருகினார். ஒரு தட்டையான வயர், ஒரு மின் வயர்.

"சொந்த டிஸ்க்க கழட்டலியா நானா?"

"அதுக்கு நாலு திருகாணி. தேவையில்ல. எதுல இருந்து எழும்பணும் எண்டு கேக்கும், நாங்க சொல்லுவோம்."

மெஷினைப் போட்டார். ஒரு விசையைத் தடதடவென்று தட்டினார். கறுப்புத் திரையில் இரண்டு வரிகள். கீழ் வரியைத் தேர்ந்தெடுத்தார்.

திரையில் சிறு வட்டம் சுழன்றது.

பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது.

"சுத்துது தங்கச்சி. நல்ல சகுனம். கொஞ்சம் எடுக்கும்." ரிஸ்மி அலுமாரிக்குப் பின்னால் போய்க் கைகால் முகம் கழுவினார். தொப்பியைத் தேடினார். அவர் முதுகுக்குப் பின்னால் திரை ஒரு கணம் நீலமாகி அணைந்தது. மெஷின் தானாக மறுபடி ஆரம்பித்தது. பிரேமிளா பார்த்தாள். கம்ப்யூட்டர் என்றால் அணைந்து எரியும்தானே என்று நினைத்தாள். சொல்லவில்லை.

ரிஸ்மி தொப்பியோடு வந்தபோது திரை முழுதும் ஒரு படம் விரிந்திருந்தது. மூடுபனிக்குள் ஒரு சிவப்புக் கார்.

"நானா! இதேதான்! நபீல் நானா கம்ப்யூட்டர்லயும் இதே கார்தான்!"

"சொன்னேனே." ரிஸ்மி செருப்பை மாட்டினார். தன் போனை மேசைமேல் வைத்து அதிலிருந்து இன்டர்நெட்டுக்கு ஒரு வயர் கொடுத்தார். "மெயில தொறந்து, இணைப்பத் தட்டி, வேலைய முடிங்க. கதவ வெளியால சாத்திட்டுப் போறேன், யாரும் வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்க. அந்த வயர்ல மட்டும் கை வச்சுராதீங்க."

மரப்படியில் அவர் காலடிகள் தடதடத்து இறங்கின.

பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிடம்.

*

சிவப்புக் காருக்குமேல் நான்கே நான்கு சின்னப் படங்கள் இருந்தன.

பிரேமிளாவுக்கு நபீலின் திரை மனப்பாடம். கார் தெரியாத அளவுக்கு மஞ்சள் ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆளின் பெயர். 'பிரேமிளா மஹய்யாவ' இடது பக்கம், மேலிருந்து மூன்றாவது. அதற்குள் அவள் சான்றிதழ்கள், படம், மூன்று தடவையும் நிரப்பிய விண்ணப்பங்கள்.

இங்கே ஒன்றுமில்லை. ஒரே ஒரு ஃபோல்டர்கூட இல்லை.

மெயிலைத் திறந்தாள். வெறும் பெட்டி. உங்கள் முகவரி என்ன, உங்கள் பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டது. முன்பின் யாரும் திறக்காத கதவு மாதிரி.

மூடி மறுபடி திறந்தாள். அதே கேள்வி.

துடைத்திருக்கிறார்கள். கழுவித் துடைத்து, கார் படத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஜெயராணி போன மாதம் சொன்ன கதை ஞாபகம் வந்தது. எங்கேயோ ஓர் ஊரில் கடைக்காரன் ஒருத்தன், தேர்வான பெண்ணின் இடத்தை வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டானாம். டிஸ்கை எவ்வளவு லேசாகக் கழற்றிக் கொடுத்தார் நபீல் நானா! உள்ளே ஏதாவது இருந்தால் ஒரு மனிதன் அவ்வளவு லேசாகக் கொடுப்பானா?

திங்கட்கிழமையே மெயில் வந்திருக்கிறது. இடி விழுந்தது புதன்கிழமை. இடையில் இரண்டு நாள். ஏன் சொல்லவில்லை?

போனை எடுத்தாள்.

"ஆ, பிரேமிளா. எழும்பினதா?" நபீலின் குரல் தூரத்திலிருந்து வந்தது. பின்னால் போட்டோகொப்பி மெஷின் ஓடும் சத்தம். இரண்டு கையும் வேலையாக இருந்தால் அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுவார்.

"என் ஃபோல்டர் எங்க?"

"கார் படத்துக்கு மேல பாரு. இடது பக்கம்."

"ஒண்ணுமில்ல. யார் பேர்லயும் ஒண்ணுமில்ல. தொடச்சுட்டுத்தானே குடுத்தீங்க?"

"என்னது?"

"திங்கக்கிழம வந்த மெயில ஏன் என்கிட்ட சொல்லல? என் எடத்த யாருக்குக் குடுத்தீங்க? சொல்லுங்க! யாருக்கு?"

"திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் இன்டர்நெட் லைன் வேல செய்யல்ல. மெயிலே வரல்ல. நான் சொன்னேனே ஒனக்கு. பிரேமிளா, கடையில ஆக்கள் ஈக்கிறாங்க..."

"இருக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்! ஊர்ச் சனம் பூரா உங்கள நம்பித்தானே பேப்பரக் குடுக்குது. கள்ளத்தனம் பண்ணுற ஆளுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்!"

போட்டோகொப்பி மெஷின் சத்தம் நின்றது. அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள்.

"நான் ஜும்ஆவுக்குப் போகணும்," என்றார் நபீல். குரல் உயரவில்லை. லைன் துண்டானது.

பன்னிரண்டு ஏழு.

*

ஒரு மணிக்கு ரிஸ்மி கதவைத் திறந்தபோது பிரேமிளா கதிரையில் இல்லை. கடைக்குள் அலுமாரியிலிருந்து யன்னலுக்கும் யன்னலிலிருந்து அலுமாரிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"முடிஞ்சதா?"

"முடிஞ்சிருச்சு. எல்லாத்தையும் தொடச்சுட்டுத்தான் குடுத்திருக்காரு. இப்ப நேரா பொலிஸுக்குப் போறேன். டிஸ்க்கக் கழட்டிக் குடுங்க."

"நபீல் நானாவா? தொடச்சா?" ரிஸ்மி மேசைக்கு வந்தார். திரையைப் பார்த்தார். ஏதோ ஓர் இடத்தில் இரண்டு தடவை தட்டினார். மூன்றாவது தடவை தட்டாமல் கையை எடுத்துக்கொண்டார்.

"யா அல்லாஹ்."

"என்னா நானா?"

"இது நபீல் நானாட டிஸ்க் இல்ல."

"கார் இருக்கே!"

"கார் எல்லார்ட மெஷின்லயும் ஈக்குது தங்கச்சி." ரிஸ்மி தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "ஒவ்வொரு மெஷினுக்கும் விண்டோஸ் புதுசாப் போட எனக்கெங்க நேரம்? ஒரு நல்ல டிஸ்க் செஞ்சு வச்சீக்கிறேன். எல்லாத்துக்கும் அதுலருந்துதான் கொப்பி. கார், பேர், எல்லாம் ஒண்ணுதான். கண்டி டவுன்ல பாதிக் கடையில இந்தக் கார்தான் நிக்குது. நபீல் நானாக்கும் அதுதான். இந்தா ஈக்குதே, நேத்து முடிச்ச இந்த மெஷின், இதுக்கும் அதுதான்."

"அப்ப நான் பாத்தது..."

"இந்த மெஷின்ட சொந்த டிஸ்க். புதுசு. ஒண்ணுமில்லாமத்தான் ஈக்கும். நடுவுல ஒருக்கா அணைஞ்சு எரிஞ்சதா?"

"நீலமா வந்துச்சு. பொறவு திரும்ப ஆரம்பிச்சுச்சு."

"அதான். நபீல் நானாட டிஸ்க் எழும்பப் பாத்து விழுந்தீக்குது. நாங்க கீழ் வரியச் சொன்னது ஒருதரத்துக்குத்தான். ரெண்டாந்தரம் மெஷின் யார்கிட்டயும் கேக்காம தன்ட டிஸ்க்குக்குப் போயிட்டுது. நான் நிண்டு பாத்திருக்கணும்."

பிரேமிளா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நானா. நான் அவருக்குப் போன் பண்ணிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

ரிஸ்மி அவள் முகத்தைப் பார்த்தார். திருகாணி முடுக்கியை எடுத்தார்.

*

ஒன்று பதினைந்து. நான்கு திருகாணி. சொந்த டிஸ்கின் வயர்கள் இரண்டும் கழன்றன. இப்போது மெஷினுக்குள் தெல்தெனிய டிஸ்க் மட்டும். வேறு போக்கிடம் கிடையாது.

போட்டார். வட்டம் சுழன்றது. நீலம். அணைந்தது.

மறுபடி. வட்டம். நீலம். அணைந்தது.

"செத்துப் போச்சா?"

"சாகல்ல. பாஷை வெளங்கல்ல. நபீல் நானாட மெஷின் பழசு. டிஸ்க்கோட பேசுறதுக்கு அதுல ஒரு பழைய முறை. இந்த மெஷின் புது முறையில பேசுது. அது திகைச்சுப் போய் விழுந்துருது."

மெஷினின் உள் அமைப்புகளைக் காட்டும், நீல எழுத்துகள் நிறைந்த ஒரு பக்கத்துக்குள் நுழைந்தார். வரிவரியாக இறங்கினார். ஒரு வரியில் நின்று, புதியதை மாற்றிப் பழையதாக்கினார். சேமித்தார்.

வட்டம் சுழன்றது. சுழன்றது. நீலம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வரி வந்தது. சாதனங்களைத் தயார்படுத்துகிறதாம். பன்னிரண்டு சதவீதம். முப்பது. ஐம்பத்தொன்று. அறுபத்துநாலு.

அறுபத்துநாலு.

அறுபத்துநாலு.

"நின்னுருச்சு நானா."

"நிக்கல்ல. யோசிக்குது."

"ஒருக்கா அணைச்சுப் போட்டா?"

"கைய மடியில வைங்க. இப்ப அணைச்சா அதுக்குப் பொறகு மண்ணுக்குள்ளதான்."

கீழே ஒழுங்கையில் ஒரு லொறி பின்னால் போக வழியில்லாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. ரிஸ்மி வீட்டிலிருந்து வந்த சோற்றுப் பார்சலைப் பிரித்தார், ஒரு வாய் வைத்தார், மறுபடி மடித்தார். பிரேமிளா நகத்தைக் கடித்தாள். அறுபத்துநாலு. ஒன்று ஐம்பது. அறுபத்துநாலு. ஒன்று ஐம்பத்தைந்து.

எழுபத்தொன்பது.

பிறகு வரிசையாக ஓடியது.

இரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு சிவப்புக் கார் வந்தது. ஆனால் இது தெல்தெனியக் கார். ஒரு சக்கரம்கூடத் தெரியாமல் ஃபோல்டர்கள் அப்பிக்கிடந்தன. இராமையா பென்ஷன். ஜஹானா ஓ/எல் பரீட்சை. பாப்பம்மா அடையாள அட்டை. இடது பக்கம், மேலிருந்து மூன்றாவது: பிரேமிளா மஹய்யாவ.

அவள் அதைப் பார்த்தாள். திறக்கக் கை வரவில்லை.

"மெயில் தங்கச்சி, மெயில்! மணியப் பாருங்க!"

ரிஸ்மி மறுபடி போனிலிருந்து வயர் கொடுத்தார். மெயில் பெட்டி பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் திறந்துகொண்டது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருந்தது. வாசிக்கப்படாத கடிதங்கள் நாற்பத்தொன்று. திங்கட்கிழமையிலிருந்து ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. நபீல் சொன்னது அப்படியே உண்மை. லைன் இருக்கவில்லை, கடிதம் அவர் கண்ணில் படவேயில்லை.

அவள் பெயர் போட்ட கடிதம். இணைப்பு. தட்டினாள்.

'நீங்கள் பதிந்த தொலைபேசிக்கு ஆறு இலக்கம் அனுப்பியுள்ளோம். ஐந்து நிமிடத்துக்குள் இங்கே இடவும். மூன்று தடவை மட்டுமே அனுப்பப்படும்.'

பிரேமிளா தன் போனைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"நம்பர்ட கடைசி ரெண்டு எலக்கம் காட்டுது பாருங்க," என்றார் ரிஸ்மி. "நாப்பத்தேழு. ஓங்கடதா?"

"இல்ல. அவரோடது. மெயிலப் போட்ட மாதிரியே போன் நம்பரும் தன்னோடதத்தான் போட்டிருக்காரு."

*

அவள் நபீலுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்தது, அடித்து நின்றது. மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை அடிக்கவே விடவில்லை. வெட்டினார்.

ஐந்து நிமிடம் போனது. முதல் இலக்கம் செத்தது.

ரிஸ்மி தன் போனை வயரோடு தூக்கினார். "நானா, நான் ரிஸ்மி."

"சொல்லு." ஸ்பீக்கரில் நபீலின் குரல் கடைக்குள் கேட்டது.

"நானா, பிழ என்னட. வேற டிஸ்க் எழும்பீக்குது, நான் பாக்காம ஓடிட்டேன். ஓங்கட டிஸ்க்ல எல்லாம் பத்திரமா ஈக்குது. இப்ப ஒரு நம்பர் வந்தீக்கும்..."

"டிஸ்க் மாறினது ஓண்ட பிழ. சரி. என்னக் கள்ளன் எண்டது யார்ட பிழ?"

பிரேமிளா கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார்.

"நானா. நான்தான்."

லைன் துண்டாகவில்லை.

"என் பிழதான் நானா. ரிஸ்மி நானா மேல ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டர்ல ஒண்ணக் காணோம்னதும் உங்கள சந்தேகப்பட்டேன். ஒன்பது வருஷமா என் பேப்பர் அத்தனையும் உங்ககிட்டதான் கெடக்கு. இருந்தும் சந்தேகப்பட்டேன்."

"ம்."

"உங்க போன ஸ்பீக்கர்ல போடுங்க. அப்ப கேட்டவங்க காதுலயே சொல்றேன்."

"அவங்க போயிட்டாங்க," என்றார் நபீல். "மூணு பேரு நிண்டாங்க. பேக்கரி முதலாளி. ஸ்கூல் டீச்சரம்மா. முச்சக்கர வண்டிக்காரர் ஒருத்தர். பேசாமப் பேப்பர எடுத்துட்டுப் போயிட்டாங்க. டீச்சரம்மா எடுக்கத் தந்த கொப்பிய எடுக்காமலே போயிட்டாங்க. இப்ப கடையில ஈக்கிறது வேற ஆக்கள். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இவங்களுக்கு சொல்லி என்ன?"

பிரேமிளா கண்ணை மூடிக்கொண்டாள். திரையில் இரண்டு இருபத்தைந்து.

"நம்பரக் குடுத்தாலும் குடுக்காட்டியும் இன்னைக்கு நான் அங்க வருவேன் நானா. மூணு பேரையும் பாத்து சொல்லுவேன்."

அந்தப் பக்கம் யாரோ, "முதலாளி, ரெண்டு பக்கமும் எடுக்கணும்," என்றார்கள். "பொறுங்க," என்றார் நபீல். பிறகு போனுக்கு:

"மொதல்ல வந்தது செத்தீக்கும். இன்னொண்ணு அனுப்பச் சொல்லு."

ரிஸ்மி பாய்ந்து தட்டினார்.

அரை நிமிடம்.

"எழுது. மூணு, எட்டு, எட்டு. பூஜ்யம், ரெண்டு, அஞ்சு."

பிரேமிளா ஒவ்வொன்றாக அழுத்தினாள். அவசரத்தில் எட்டு மூன்று தடவை விழுந்தது. ஒன்றை அழித்தாள். அனுப்பினாள்.

பக்கம் வெள்ளையானது. வெள்ளையாகவே நின்றது. பிறகு பச்சையில் ஒரு வரி. அவள் பெயர். விண்ணப்ப இலக்கம். உறுதிப்படுத்தப்பட்டது.

"வந்திருச்சு நானா," என்றாள். மறுபடி சொன்னாள். "வந்திருச்சு."

"அதப் பேப்பர்ல எடுத்து வை," என்றார் நபீல். "இல்லாட்டி நாளைக்கு வரல்ல எண்டுவானுங்க."

வைத்துவிட்டார்.

*

ரிஸ்மி அச்செடுத்துக் கொடுத்தார். மெஷினை அணைத்து, டிஸ்கைக் கழற்றித் துவாயில் சுற்றினார்.

"நாளைக்கு திகனயில ஒரு வேல ஈக்குது. போற வழிதானே, நானே குடுத்திர்றேன். நீங்க வீட்டுக்குப் போங்க தங்கச்சி. ரெண்டு பேர்ட மனசும் கொஞ்சம் ஆறட்டும்."

"இல்ல. நான் கொண்டு போறேன்."

"இண்டைக்கேயா?"

"இன்னைக்கேதான். வர்றேன்னு சொன்னேன்ல."

பஸ் தென்னக்கும்புர பாலத்தில் நின்றது, குண்டசாலையில் நின்றது, திகனயில் கொண்டக்டர் தேத்தண்ணி குடிக்கவும் நின்றது. மடியில் டிஸ்க். பைக்குள் பச்சை வரி அச்சிட்ட தாள். சந்தோஷம் வரும் வரும் என்று அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். வந்தது. ஆனால் உட்கார இடமில்லாத பயணி போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்ன சொல்லி ஆரம்பிப்பது? பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எல்லாமே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சாக இருந்தன. கம்ப்யூட்டர் மாறிப்போச்சு. படம் ஒரே மாதிரி இருந்துச்சு. நேரமில்ல. பயந்துட்டேன். ஒவ்வொன்றாக வெட்டினாள்.

நாலே கால். தெல்தெனிய.

நபீலின் கடையில் நான்கு பேர். அவர் போட்டோகொப்பி மெஷினுக்குத் தாள் ஊட்டிக்கொண்டிருந்தார். நரைத்த தாடி, கண்ணாடி, நேற்றுப் பார்த்த அதே மனிதர். பிரேமிளா மேசைமேல் துவாய்ப் பொட்டலத்தை வைத்தாள்.

"டிஸ்க்."

"ம்."

"நானா..."

"எடுத்தியா பேப்பர்ல?"

"எடுத்தேன்."

"காட்டு."

காட்டினாள். அவர் கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். வரிவரியாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக. பெயரின் எழுத்துகளை விரலால் சரிபார்த்தார். மெஷினில் வைத்து இரண்டு பிரதி எடுத்தார். ஒன்றை அவளிடம் கொடுத்தார். மற்றதை எங்கே வைப்பதென்று ஒரு கணம் யோசித்துவிட்டு அதையும் அவளிடமே கொடுத்தார்.

"இனி ஓண்ட சாமான்கள நீயே வச்சுக்க. புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் ஃபோல்டர எடுத்துத் தாறேன். ஒனக்கெண்டு ஒரு மெயிலும் தொற."

அவள் தலையசைத்தாள். அது கோபமா, புத்திமதியா என்று அவர் முகத்தில் தேடினாள். அவர் அடுத்த ஆளின் அடையாள அட்டையை வாங்கிக் கண்ணாடிமேல் கவிழ்த்துவிட்டார்.

வெளியே வந்தாள். முச்சக்கர வண்டித் தரிப்பிடம் காலி. டீச்சரம்மாவின் வீடு மேட்டில். பேக்கரி எதிரே, வீதியைக் கடந்தால் போதும். சூடான பாண் வந்த நேரம், ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். பிரேமிளா கடைசியில் போய் நின்றாள். ஒவ்வொருவராக வாங்கிப் போனார்கள். அவளுக்குப் பின்னாலும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். விலகிக்கொள்ள ஒரு வழி இருந்தது. ஒரு பணிஸை வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

"என்ன வேணும் மகள்?" என்றார் பேக்கரி முதலாளி, இடுக்கியைக் கையில் பிடித்தபடி.

"ஒண்ணும் வேணாங்க," என்றாள் பிரேமிளா. பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "இன்னைக்கு மத்தியானம் நபீல் நானா கடையில போன்ல கத்தினது நான்தான். நான் சொன்னது பொய்."

அவர் இடுக்கியைத் தட்டில் வைத்தார்.